ஃபர்ம்வேர்: கடலூர், புதுச்சேரி வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லேப்டாப், ரவுட்டர், டிவி, படகு ஜிபிஎஸ் என்று எது ரிப்பேருக்கு வந்தாலும் கூடவே சில கேள்விகளும் வருகின்றன. கடலூர் மஞ்சக்குப்பத்தில் கேட்பதையே புதுச்சேரி நேரு வீதியிலும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஃபர்ம்வேர் என்றால் என்ன?

ஒரு கருவியை இயக்குவதற்காக அதைத் தயாரித்தவர்களே எழுதி, அதன் சிப்புக்குள் பதித்து அனுப்பும் புரோகிராம். கரண்ட் போனாலும் அழியாது. கரண்ட் வந்ததும் முதலில் ஓடத் தொடங்குவது அதுதான். பாடப்புத்தகங்களில் நிலைபொருள் என்று பார்த்திருப்பீர்கள். கடைத்தெருவில் எல்லோருக்கும் அது ஃபர்ம்வேர்தான், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

வாஷிங் மெஷினில் ஒரு பட்டனை அழுத்துகிறீர்கள். தண்ணீர் எந்த அளவுக்கு ஏற வேண்டும், டிரம் எந்தப் பக்கம் எத்தனை விநாடி சுற்ற வேண்டும், கதவு சரியாக மூடாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டுமே! மோட்டாருக்கும் வால்வுக்கும் அதெல்லாம் தெரியாது. உள்ளே ஒரு சின்ன போர்டு இருக்கிறது, அதில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் இருக்கிறது, அதற்குள் இந்த உத்தரவுகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அந்த உத்தரவுத் தொகுப்புக்குத்தான் ஃபர்ம்வேர் என்று பெயர்.

அதுவும் சாஃப்ட்வேர்தானே, எதற்குத் தனிப் பெயர்?

சாஃப்ட்வேர்தான். எழுதுவதும் பெரும்பாலும் அதே சி மொழியில்தான். ஆனால் நீங்கள் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை, கருவியோடு சேர்ந்தே வருகிறது. இஷ்டப்பட்டபோது எடுத்துவிட்டு வேறொன்றைப் போட முடியாது. வேறு மாடலுக்கும் பொருந்தாது. 1967ல் ஆஷர் ஆப்லர் என்ற அமெரிக்கர் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகைக் கட்டுரையில் முதன்முதலாக இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அப்போது அவர் குறிப்பிட்டது பிராசஸருக்கு உள்ளேயே இருந்து, ஒவ்வொரு உத்தரவையும் எப்படிச் செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்லும் மைக்ரோகோடை. பிறகு பொருள் விரிந்து விரிந்து இன்று டார்ச் லைட் வரை வந்துவிட்டது.

எங்கே இருக்கிறது? கண்ணால் பார்க்கலாமா?

இருக்கும் சிப்பைப் பார்க்கலாம். லேப்டாப் மதர்போர்டைத் திருப்பினால் எட்டுக் கால் உள்ள ஒரு கறுப்புச் சிப் தென்படும். ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் சதுரம். மேலே எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் 25 என்ற வரிசையில் இருக்கும். அதன் பின்னால் 64 என்று இருந்தால் 64 மெகாபிட், அதாவது 8 எம்பி. 128 என்றால் 16 எம்பி. மொபைலில் எடுக்கும் ஒரு நிமிட வீடியோவே அதைவிடப் பெரிதாக இருக்கும். மொத்த லேப்டாப்பும் உயிர்த்தெழுவது அந்த எட்டுக் காலை நம்பித்தான்.

சின்னக் கருவிகளில் தனிச் சிப்கூட இருக்காது. மைக்ரோகன்ட்ரோலருக்குள்ளேயே கொஞ்சம் ஃபிளாஷ் மெமரி ஒதுக்கி, அதில் எழுதிவிடுவார்கள்.

பழைய போர்டுகளைப் பிரித்தவர்களுக்கு ஈப்ராம் நினைவிருக்கும். நடுவில் கண்ணாடி ஜன்னல் வைத்த சிப், ஜன்னல்மேல் ஒரு ஸ்டிக்கர். 1971ல் இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கியது. அழிக்க வேண்டுமென்றால் ஸ்டிக்கரை உரித்து, புற ஊதா விளக்கின் கீழ் வைக்க வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்துக் கருவிகளில் அப்டேட் என்ற பேச்சே கிடையாது. 1980களில் தோஷிபாவில் ஃபூஜியோ மசுவோகா ஃபிளாஷ் மெமரியைக் கொண்டுவந்த பிறகு, மின்சாரத்தாலேயே அழித்து எழுதுவது பரவலானது. அப்டேட் என்ற வசதியும் அதோடு வந்த தலைவலியும் அங்கே தொடங்கியவை.

எங்கள் வீட்டில் எதிலெல்லாம் இருக்கிறது?

எதில் இல்லை என்று கேட்டால் பதில் சுலபம். சாதாரண மிக்ஸி, கிரைண்டர், பழைய சீலிங் ஃபேன், பித்தளைக் குத்துவிளக்கு. ரிமோட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேனில் இருக்கிறது. இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ், ஏசி, டிவி ரிமோட், எலக்ட்ரானிக் தராசு, சிசிடிவி கேமரா எல்லாவற்றிலும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமான பிறகு வந்த பைக்குகளில் பெட்ரோல் எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்று கணக்குப் போடும் ஈசியூவுக்குள்ளும் இருக்கிறது. நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் வயலுக்குப் போகாமல் ஃபோனில் இருந்தே மோட்டார் போடுகிறார்களே, அந்தச் சிம் போட்ட ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளும் அதுதான்.

கம்ப்யூட்டர் ஒன்றுக்கு ஒரு ஃபர்ம்வேர் என்றும் நினைக்க வேண்டாம். மதர்போர்டுக்கு ஒன்று, எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிஸ்க்) ஒன்று, கிராபிக்ஸ் கார்டுக்கு ஒன்று, வைஃபை கார்டுக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று. லேப்டாப் பேட்டரிக்குள்கூட ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

பவர் பட்டனை அழுத்தியதும் அது என்னதான் செய்கிறது?

பிராசஸருக்கு அந்த நிமிடம் எதுவும் தெரியாது. ராம் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, விண்டோஸ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது, ஒன்றும் தெரியாது. ஒரு குறிப்பிட்ட முகவரியில் இருந்து உத்தரவை எடுத்து ஓட்டு என்பது மட்டும் அதற்குள் பதிந்திருக்கும். அந்த முகவரி ஃபர்ம்வேர் சிப்பைக் காட்டும். அங்கிருந்து வேலை தொடங்குகிறது. ராமைத் தட்டி எழுப்புவது, திரைக்கு உயிர் கொடுப்பது, கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பது, கடைசியில் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தேடிப் பிடித்து ஒப்படைப்பது. ராம் சரியாக உட்காரவில்லை என்றால் சில போர்டுகள் பீப் பீப் என்று கத்தும். அந்தச் சத்தமும் ஃபர்ம்வேர் போடுவதுதான். திரையே வராத நிலையில் அதற்கு வேறு எப்படிச் சொல்ல முடியும்?

1981ல் ஐபிஎம் பிசி வந்ததில் இருந்து இதைப் பயாஸ் என்றார்கள். இப்போது இருப்பது யூஇஎஃப்ஐ. இன்டெல் தன் ஐட்டேனியம் பிராசஸருக்காகத் தொடங்கிய வேலை அது. 2005ல் பல நிறுவனங்கள் சேர்ந்த அமைப்பின் கைக்குப் போனது. பெரிய டிஸ்க்கில் இருந்து பூட் ஆவது, மவுஸ் வேலை செய்யும் செட்டிங்ஸ் திரை, ஆபரேட்டிங் சிஸ்டம் அசல்தானா என்று டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் எல்லாம் இதில் வந்தவை. பேச்சுவழக்கில் இன்னும் எல்லோரும் பயாஸ் என்றுதான் சொல்கிறோம். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

மதர்போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரி தீர்ந்தால் பயாஸ் அழிந்துவிடுமா?

அழியாது. சிஆர்2032 என்ற அந்த 3 வோல்ட் பேட்டரி காப்பாற்றுவது கடிகாரத்தையும் சில செட்டிங்குகளையும்தான். தீர்ந்தால் தேதி பின்னால் போகும், பிரவுசர் 'சான்றிதழ் சரியில்லை' என்று எந்த வெப்சைட்டையும் திறக்க மறுக்கும். புதுப் பேட்டரி போட்டுத் தேதியைச் சரிசெய்தால் முடிந்தது. இதற்காக 'பயாஸ் போயிடுச்சு' என்று யாராவது பெரிய பில் போட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடையில் 'சாஃப்ட்வேர் போயிடுச்சு, போடணும்' என்கிறார்கள். அது எது?

அதைத்தான் நீங்களும் திருப்பிக் கேட்க வேண்டும். அந்த ஒரே வாக்கியத்துக்குள் நான்கு வேறு வேறு வேலைகள் இருக்கலாம். ஆப் ஏதோ கெட்டுப்போய் அதை எடுத்துவிட்டுப் போடுவது, ஐந்து நிமிட வேலை. செட்டிங்கை அழிக்கும் ஃபேக்டரி ரீசெட், இதில் உங்கள் ஃபோட்டோ, கான்டாக்ட் எல்லாம் போகும். ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றுவது. அப்புறம் உண்மையான ஃபர்ம்வேர் வேலை, அதாவது சிப்பில் இருப்பதை மாற்றி எழுதுவது. நான்குக்கும் கூலி வேறு, ஆபத்து வேறு. 'அண்ணே, டேட்டா போகுமா போகாதா, சிப்பைத் தொடுவீங்களா?' என்று இரண்டே கேள்வி கேட்டால் எதிரில் இருப்பவர் எந்த வேலையைச் சொல்கிறார் என்று தெரிந்துவிடும்.

ஃபேக்டரி ரீசெட் செய்தால் ஃபர்ம்வேர் வாங்கியபோது இருந்த பழைய பதிப்புக்குப் போகுமா?

போகாது. செட்டிங்தான் பழையபடி ஆகும். பத்து முறை அப்டேட் செய்திருந்தால் கடைசியாக ஏற்றியதே இருக்கும்.

அப்டேட் வந்தால் உடனே செய்ய வேண்டுமா?

இதில் என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. இன்டர்நெட்டைத் தொடும் கருவி என்றால் செய்யுங்கள். ரவுட்டர், கேமரா, ஸ்மார்ட் டிவி, ஃபோன் எல்லாம் இதில் வரும். வெளியில் இருந்து யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கக்கூடிய கதவுகள் அவை. எஸ்எஸ்டிக்கு அப்டேட் வந்தால் அதோடு வரும் குறிப்பை ஒருமுறை படியுங்கள், காரணம் கீழே இருக்கிறது.

மற்றபடி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பிரிண்டருக்கும் மதர்போர்டுக்கும் 'புதுசு வந்திருக்கிறது' என்ற ஒரே காரணத்துக்காகச் செய்ய வேண்டாம். பிரிண்டரில் எனக்குத் தனி வருத்தம் உண்டு. முந்தின நாள் வரை ஏற்றுக்கொண்ட வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜை அப்டேட்டுக்குப் பிறகு ஏற்க மறுக்கும் பிரிண்டர்கள் இருக்கின்றன. உங்கள் காசில் வாங்கிய பெட்டியின் விதியை இரவோடு இரவாக இன்னொருவர் மாற்றிவிடுகிறார்.

அப்டேட் நடக்கும்போது கரண்ட் போய்விட்டால்?

நம் ஊரில் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் வந்தது. இங்கே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எந்த மணியில் கரண்ட் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஃபிளாஷ் மெமரியில் இருப்பதன்மேல் அப்படியே மாற்றி எழுத முடியாது. ஒரு பகுதியை முழுக்க அழித்துவிட்டுத்தான் புதியதை எழுத வேண்டும். பழைய ஓலையைப் பிரித்துப் போட்டு, புது ஓலை இன்னும் வேயாத நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் எப்படியோ அப்படி. அந்த இடைவெளியில் கரண்ட் போனால் சிப்பில் பாதி பழையது, பாதி வெறும் இடம். மறுபடி ஆன் செய்தால் பிராசஸர் அந்த முகவரிக்குப் போகும், அங்கே ஒழுங்கான உத்தரவு இருக்காது. விளக்கு எரியும், வேறொன்றும் நடக்காது. இதைத்தான் 'பிரிக் ஆயிடுச்சு' என்கிறார்கள்.

நல்ல தயாரிப்பாளர்கள் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் 2016ல் வந்த 7ஆம் பதிப்பு முதல் ஏ, பி என்று இரண்டு இடம் ஒதுக்கும் ஏற்பாடு உண்டு. ஏயில் ஓடிக்கொண்டிருக்கும்போது பியில் எழுதுவார்கள். முழுதாக எழுதி, சரிபார்த்த பிறகே பி இடத்துக்கு மாறும். புதியது எழவில்லை என்றால் பழையதற்குத் திரும்பிவிடும். பல ரவுட்டர்களில் மற்ற ஃபர்ம்வேரை எழுப்பிவிடும் பூட்லோடர் என்ற சின்னப் புரோகிராம் தனியாக இருக்கும், அப்டேட் அதைத் தொடாது. மலிவான கருவிகளில் இந்த இரண்டாவது இடத்துக்கான மெமரி செலவைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

ஆகவே லேப்டாப் என்றால் சார்ஜரும் இருக்க வேண்டும், பேட்டரியும் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். டெஸ்க்டாப், ரவுட்டர் என்றால் யூபிஎஸ்ஸில் மாட்டிவிட்டுச் செய்யுங்கள். புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் தொடவே வேண்டாம். செட்டாப் பாக்ஸில் 'அப்கிரேடிங்' என்று ஓடும்போது 'ஹேங் ஆயிடுச்சு' என்று சுவிட்சை அணைக்கிறவர்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அவரைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள்.

அப்படிச் செத்துப்போன லேப்டாப்பை மீட்கவே முடியாதா?

பெரும்பாலும் முடியும். சிப் நன்றாகத்தான் இருக்கிறது, அதில் எழுதியிருப்பதுதான் அரைகுறை. யூஎஸ்பியில் மாட்டும் புரோகிராமர் ஒன்று, எட்டுக் காலையும் கவ்விப் பிடிக்கும் கிளிப் ஒன்று. சிஎச்341ஏ என்று கேட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள், விலை சில நூறு ரூபாய்.

செய்முறையில் முக்கியமானது பொறுமை. முதலில் லேப்டாப் பேட்டரி, வட்டப் பேட்டரி இரண்டையும் கழற்ற வேண்டும். சிப்பின் ஒரு மூலையில் சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் முதல் கால். கிளிப்பின் சிவப்பு ஒயர் அந்தப் பக்கம் வர வேண்டும். பிறகு எழுதுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதைப் படித்து ஃபைலாக வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு முறை படித்து, இரண்டு ஃபைலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். வேறுபட்டால் கிளிப் சரியாகக் கவ்வவில்லை என்று அர்த்தம். கடற்கரையோரம் ஓடிய லேப்டாப்புகளில் இது அடிக்கடி நடக்கும். உப்புக் காற்றில் கால்களின்மேல் பச்சை படிந்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு தேய்த்துவிட்டு மறுபடி படித்தால் ஃபைல்கள் ஒன்றாக வந்துவிடும்.

அந்தப் பழைய ஃபைல் எதற்கு என்றால், லேப்டாப்பின் சீரியல் எண், நெட்வொர்க் கார்டின் முகவரி, விண்டோஸ் லைசென்ஸ் எல்லாம் பல மாடல்களில் அதே சிப்பில்தான் இருக்கும். நெட்டில் இறக்கிய வேறொருவரின் ஃபைலை அப்படியே ஏற்றினால் லேப்டாப் எழும், ஆனால் ஊர் பேர் தெரியாத ஆளாக எழும். தன் ஃபைலில் இருந்து அந்தப் பகுதிகளை எடுத்துப் புதியதில் ஒட்டி எழுதுவதுதான் வேலை. இதைச் செய்யாதவரிடம் கொடுக்க வேண்டாம்.

வோல்ட்டேஜிலும் கவனம் வேண்டும். சில கறுப்பு சிஎச்341ஏ போர்டுகள் 3.3 வோல்ட் சிப்பின் டேட்டா கால்களுக்கு 5 வோல்ட் அனுப்பும். புது லேப்டாப்புகளில் 1.8 வோல்ட் சிப்பும் வருகிறது, அதற்குத் தனி அடாப்டர் போட வேண்டும்.

ரவுட்டராக இருந்தால் கிளிப் வரை போக வேண்டியிருக்காது. ரீசெட் ஓட்டையில் குச்சியை அழுத்திப் பிடித்தபடி பவர் கொடுத்தால் பல மாடல்கள் மீட்பு நிலைக்கு வரும். அப்போது ஒயர் வழியாகக் கம்ப்யூட்டரில் இருந்து ஃபைலை அனுப்பலாம்.

படகில் இருக்கும் பழைய ஜிபிஎஸ் திடீரென்று இருபது வருடத்துக்கு முந்தைய தேதியைக் காட்டுகிறது. ஏன்?

துறைமுகத்தில் இருந்தும் தேவனாம்பட்டினத்தில் இருந்தும் வரும் கேள்வி. எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தேதியை நாள், மாதம், வருடம் என்று அனுப்புவதில்லை. 1980 ஜனவரி 6 முதல் இது எத்தனையாவது வாரம், வாரத்தில் எத்தனையாவது விநாடி என்று அனுப்புகின்றன. அந்த வார எண்ணுக்குப் பழைய சிக்னலில் 10 பிட் இடம்தான். 0 முதல் 1023 வரை எண்ணலாம், அடுத்து மறுபடி 0. 1024 வாரம் என்பது ஏறக்குறைய 19 வருடம் 7 மாதம். முதல் சுற்று 1999 ஆகஸ்ட் 21 நள்ளிரவில் முடிந்தது. இரண்டாவது சுற்று 2019 ஏப்ரல் 6 அன்று, நம் நேரப்படி 7ஆம் தேதி விடியற்காலை ஐந்தரை மணிக்கு முடிந்தது. அடுத்தது 2038 நவம்பரில்.

இப்போது எத்தனையாவது சுற்று என்று செயற்கைக்கோள் சொல்லாது. அதைக் கருவியின் ஃபர்ம்வேர்தான் ஊகிக்க வேண்டும். 'நான் எழுதப்பட்ட நாளுக்கு முந்தைய தேதி வரவே முடியாது' என்று பல ஃபர்ம்வேர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கும். அந்தக் கணக்கும் எழுதிய நாளில் இருந்து 1024 வாரம்தான் தாங்கும். அதனால் எல்லாக் கருவியும் 2019லேயே தடுமாறவில்லை. ஒவ்வொன்றும் தன் ஃபர்ம்வேர் எழுதப்பட்ட தேதியைப் பொறுத்து, ஏதோ ஒரு சாதாரண நாளில் பின்னோக்கிக் குதிக்கும்.

இடம் காட்டுவது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அதற்கு வாரத்துக்குள் இருக்கும் விநாடிக் கணக்கு போதும். தேதியை வைத்துக் கணக்கிடும் ஏற்ற இறக்க நேரம், சூரிய உதயம், பயணப் பதிவு எல்லாம் தப்பாகும். சில கருவிகள் செயற்கைக்கோளைப் பிடிக்கவே அதிக நேரம் எடுக்கும். ஆன்டெனா நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது, ஒரு ஸ்க்ரூகூட துருப்பிடிக்கவில்லை. தயாரிப்பாளர் ஃபர்ம்வேர் எழுதுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். ஒரு எலக்ட்ரானிக் கருவியின் ஆயுள் இப்படித்தான் முடிகிறது.

அப்டேட் கிடைக்கும் மாடலாக இருந்தால் ஏற்றும் முன் ஒரு வேலை. பார் (கடலுக்கு அடியில் இருக்கும் பாறை) இருக்கும் இடம், வலை மாட்டிய இடம் என்று வருடக்கணக்காகப் போட்டு வைத்த பாயிண்டுகள் எல்லாம் அப்டேட்டில் அழிந்துபோகலாம். மெமரி கார்டில் காப்பி எடுங்கள். கார்டு போடும் இடமே இல்லாத மாடலா? ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்களின் மதிப்பு கருவியின் விலையைவிட அதிகம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எஸ்எஸ்டிக்கு எதற்கு அப்டேட்?

2019 நவம்பரில் ஹியூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. சர்வர்களில் போடும் சில எஸ்எஸ்டி மாடல்கள், மொத்தமாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், உள்ளே இருக்கும் தகவலும் திரும்பாது என்றது. 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் ஆன் செய்த டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் போகும், பாதுகாப்புக்காக இரண்டாவது காப்பி வைத்திருந்தாலும் பயனில்லை. கம்ப்யூட்டர் படித்தவர்கள் அந்த எண்ணைப் பார்த்ததுமே சிரித்திருப்பார்கள். பிளஸ், மைனஸ் குறியோடு கூடிய 16 பிட் எண்ணில் 32,767 வரைதான் எண்ண முடியும். மெமரி செல் தேயவில்லை, சர்க்யூட் எரியவில்லை. மணி எண்ணும் இடத்தில் பெட்டி சின்னதாகப் போய்விட்டது. தீர்வு புது ஃபர்ம்வேர், அதையும் அந்த மணிக்கு முன்னால் ஏற்ற வேண்டும்.

பிராசஸருக்குள்ளும் ஃபர்ம்வேர் உண்டா?

உண்டு, மைக்ரோகோட். 1994ல் பென்டியம் பிராசஸர் சில வகுத்தல் கணக்குகளில் தப்பான விடை கொடுத்தது. அதை மாற்றி எழுதிச் சரிசெய்ய வழியில்லை, சிப்பையே மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. இன்டெல் அதற்கு 47.5 கோடி டாலர் ஒதுக்கியது. அடுத்து வந்த பென்டியம் புரோவில் இருந்து மைக்ரோகோடைப் பின்னால் மாற்றும் வசதி வந்துவிட்டது. 2018 ஜனவரியில் பிராசஸர்களில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியானபோது பயாஸ் அப்டேட்டுகள் வரிசையாக வந்ததற்குக் காரணம் அதுதான்.

வைரஸ் ஃபர்ம்வேருக்குள் போகுமா?

போகும். 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் என்ற வைரஸ் விண்டோஸ் 95, 98 ஓடிய கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கை அழித்ததோடு, முடிந்த இடத்தில் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதியது. எழுதியவர் தைவானில் ஒரு கல்லூரி மாணவர், செர்னோபில் வைரஸ் என்றும் அதற்குப் பெயர். 2018ல் லோஜாக்ஸ் என்று ஒன்று பிடிபட்டது. அது யூஇஎஃப்ஐ சிப்பிலேயே குடியேறியதால் டிஸ்க்கை மாற்றினாலும் விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் போகாது. ஆனால் லோஜாக்ஸ் போன்றவை குறிவைத்து அனுப்பப்படுபவை, உங்கள் வீட்டு லேப்டாப்புக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு.

நம் கடைகளுக்கும் வீடுகளுக்கும் நிஜமான ஆபத்து சிசிடிவியும் ரவுட்டரும். 2016ல் மிராய் என்ற புரோகிராம் உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் வளைத்துப் போட்டது. பெரிய தந்திரம் எதுவும் இல்லை. அட்மின், 1234 மாதிரி கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். சில மாடல்களில் அந்தப் பாஸ்வேர்டு ஃபர்ம்வேருக்குள்ளேயே பதிந்திருந்ததால் வாங்கியவரால் மாற்றவும் முடியவில்லை. அந்த அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் சில மணி நேரம் முடங்கியதற்கு இப்படிப் பிடிபட்ட கேமராக்களும் காரணம். கடைக்குக் கேமரா மாட்டியவர் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டு இன்னும் அப்படியே இருந்தால் இதைப் படித்து முடித்ததும் மாற்றுங்கள்.

ஓட்டுப்பதிவு இயந்திரத்தின் ஃபர்ம்வேரையும் இப்படி மாற்ற முடியுமா?

ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய சிப் அதில் இருப்பதாகவும், எந்த நெட்வொர்க்கோடும் இணைப்பு இல்லை என்றும் தேர்தல் ஆணையம் சொல்கிறது. ஒருமுறை எழுதும் சிப்பில் அப்டேட் என்பது கிடையாது, மாற்ற வேண்டுமென்றால் சிப்பையே மாற்ற வேண்டும். அரசியல் விவாதத்துக்கு இது இடமில்லை.

என் மாடலுக்குக் கிடைக்கவில்லை, கிட்டத்தட்ட அதே மாடலின் ஃபைலைப் போடலாமா?

வேண்டாம். பெட்டி ஒன்றுபோல இருக்கும், உள்ளே சிப் வேறாக இருக்கும். ரவுட்டரைத் திருப்பி அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். மாடல் பெயருக்குப் பக்கத்தில் வி1, வி2 என்று ஒரு பதிப்பு எண் இருக்கும். அது மாறினால் ஃபைலும் மாறும். டிவிகளில் ஒரே மாடல் எண்ணில் இரண்டு வேறு பேனல் வருவது உண்டு. தப்பான ஃபைலை ஏற்றினால் படம் தலைகீழாகத் தெரியும், நிறம் மாறித் தெரியும்.

கம்பெனி கைவிட்ட ரவுட்டருக்கு வேறு ஏதாவது போடலாமா?

ஓபன்டபிள்யூஆர்டி என்று ஒன்று இருக்கிறது. லிங்க்சிஸ் கம்பெனியின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் ஃபர்ம்வேரில் லினக்ஸ் இருந்தது. லினக்ஸின் லைசென்ஸ்படி மூலநிரலை, அதாவது எழுதிய புரோகிராம் வரிகளை, கொடுத்தாக வேண்டும் என்று பலர் கேட்டதால் 2003ல் அது வெளியே வந்தது. அதில் இருந்து 2004ல் தொடங்கியது இந்தத் திட்டம். இன்று நூற்றுக்கணக்கான மாடல்களுக்கு இருக்கிறது, இலவசம். கம்பெனி மறந்துபோன பழைய பெட்டிக்கு இன்றும் பாதுகாப்புத் திருத்தம் வருகிறது. உங்கள் மாடலும் பதிப்பு எண்ணும் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டியில் மட்டும் கை வைக்க வேண்டாம், அது பெரும்பாலும் அவர்களுடைய சொத்து.

வாங்கும்போதே என்ன கேட்க வேண்டும்?

'எத்தனை வருடம் அப்டேட் கொடுப்பீங்க?' வாரன்டி கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு, இதைக் கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. ஃபோனில் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2023ல் பிக்சல் 8க்குக் கூகுளும், 2024ல் கேலக்ஸி எஸ்24க்குச் சாம்சங்கும் 7 வருடம் என்று வெளிப்படையாக அறிவித்தன. கேமரா, ரவுட்டர், டிவி வாங்கும்போது தயாரிப்பாளரின் வெப்சைட்டில் அந்த மாடலின் டவுன்லோட் பக்கத்தைத் திறந்து, கடைசி ஃபர்ம்வேர் தேதியைப் பாருங்கள். அப்படி ஒரு பக்கமே இல்லாத கேமராவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

பாலிடெக்னிக் படிக்கிறேன். ஃபர்ம்வேர் எழுதக் கற்றுக்கொள்ள என்ன வேண்டும்?

சி மொழியும் ஓர் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டும். அதில் 32 கேபி ஃபிளாஷ்தான் இருக்கிறது, அதிலும் அரை கேபியைப் பூட்லோடர் எடுத்துக்கொள்ளும். ஒரு எல்இடியை மினுக்க வைக்கும் பத்து வரி எழுதி ஏற்றிவிட்டு, யூஎஸ்பியைப் பிடுங்கி, பவர் பேங்கில் மாட்டுங்கள். கம்ப்யூட்டர் இல்லாமலே மினுக்கும். அந்தப் பத்து வரியே ஃபர்ம்வேர்தான். அடுத்து வைஃபை உள்ள இஎஸ்பி32 போர்டு வாங்கி, வைஃபை வழியாகவே புது ஃபர்ம்வேர் அனுப்பிப் பாருங்கள், பாதியில் வேண்டுமென்றே ஒயரைப் பிடுங்கியும் பாருங்கள். மேலே சொன்ன ஏ, பி கதை அதில் கண்ணெதிரே நடக்கும்.

பழைய ரவுட்டரை எடைக்குப் போடும் முன் ஏதாவது செய்ய வேண்டுமா?

ரீசெட் ஓட்டையில் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வைஃபை பெயரும் இன்டர்நெட் கணக்கின் பாஸ்வேர்டும் அந்தச் சிப்பிலேயே இருக்கும். அடாப்டரைத் தனியாக எடுத்து வையுங்கள், பல 12 வோல்ட்தான். வோல்ட்டும் ஆம்பியரும் பின்னின் அளவும் பொருந்தினால் அடுத்த பெட்டிக்கு ஆகும்.